நீர்த்தெள்ளின் முதுகில் துளைகள்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் ஜுலைகா. கடலோர ஆய்வு மையம் ஒன்றில் உயிரியல் பேராசிரியர். அவர் அறையில் ஏசி ஓடாது. புகார் எழுதிப் போட்டு அலுத்துப்போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சீடர் சவரிராயனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர். ஜுலைகா பி.எஸ்சி. படித்த காலத்தில் அவருக்கு மைக்ராஸ்கோப்பைத் தொடக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். இப்போது பிஎச்.டி. வாங்குவதற்காக அதே ஜுலைகாவிடம் சேர்ந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் நீர்த்தெள்ளைப் பற்றித் தெரிந்த கைடு வேறு யாரும் இல்லை. தலையெழுத்து.

நீர்த்தெள்ளு என்பது குளத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்துகிற, கடுகைவிடச் சின்ன உயிர். ஓடு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரியும். இதைப் போய் ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் பார்ப்பாரா என்றால், பார்த்தார்.

குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். கோபம் வந்தால் மேடம் போய் ஜுலைகா வந்துவிடும்.

அன்றைக்குச் சவரிராயன் உள்ளே நுழைந்ததே ஜுலைகாவில்தான்.

"ஜுலைகா, இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"உட்காருங்க சார்."

"உட்கார வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை போயாகணும். காலேஜ் வாசல்ல பேனர் கட்டிட்டாங்க."

"பேனரா?"

சவரிராயன் கைபேசியை நீட்டினார். பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு பக்கம் கோட்டுப் போட்ட சவரிராயன். மறுபக்கம் அவரைவிடப் பெரிதாக ஒரு நீர்த்தெள்ளு, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். அதன் முதுகு முழுக்க வட்ட வட்டமாகத் துளைகள். கீழே, 'உலகுக்குப் புதிய உயிரினத்தைத் தந்த எங்கள் ஐயாவே வருக வருக'.

குரு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் இன்னும் ஒத்துக்கவே இல்லையே."

"நீங்க ஒத்துக்காட்டி என்ன மேடம்? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பே ஒத்துக்கிட்டுல்லா."

விஷயம் இதுதான். உலகத்தில் வேறு எந்த நீர்த்தெள்ளுக்கும் முதுகில் இப்படித் துளை கிடையாது. ஆகவே இது புது இனம். புது இனத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். சவரிராயன் தன் மனைவி பவுலின் பெயரை வைத்திருந்தார். லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு ஏகாரம் சேர்த்து, பவுலினே.

பவுலின் சாதாரண மனைவி இல்லை. குளம் குளமாகக் கூடவே போய், முழங்கால் தண்ணீரில் நின்று வலை பிடித்தவர். பாட்டில் பாட்டிலாகக் கழுவிக் கவிழ்த்தவர். கணவர் வீடு திரும்பியதும், "இன்னைக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பது அவர் வழக்கம். சவரிராயனும் ஏதாவது தெரிந்ததாகத்தான் சொல்வார். தெரியவில்லை என்று வகுப்பிலும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை.

"பேரு வச்சாச்சு. அவ அக்கா தங்கச்சிக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு" என்றார் சவரிராயன். "நீங்க ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

"உயிரோட இருக்கிறதுல துளை தெரியுதான்னு பாருங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சார்?"

"எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்ததுக்கு அப்புறம் இந்த ஓட்டை மைக்ராஸ்கோப்புல எதுக்குப் பார்க்கணும்? எது ஒசத்தி? நீங்களே சொல்லுங்க. மைக்ராஸ்கோப்புலயே ஒசத்தி எது?"

"எதுக்கு ஒசத்தி?"

"எதுக்குன்னா? பார்க்கத்தான்!"

"எதைப் பார்க்க?"

சவரிராயன் கூரையைப் பார்த்தார். அங்கே ஓடாத ஏசி இருந்தது.

குரு எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கே ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் தண்ணீர். தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"உங்க பவுலினே. போன வருஷம் பாட்டிலோட கொண்டுவந்து வச்சுட்டுப் போனீங்க. அப்புறம் கேட்கவே இல்லை. ஈஸ்ட் கரைச்சு ஊத்தி நான்தான் வளர்க்கிறேன்."

சவரிராயன் பாட்டிலிடம் குனிந்து பார்த்தார். செத்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

ஒன்றை உறிஞ்சி எடுத்துச் சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டார் குரு. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழே தள்ளினார். இரண்டு கண்ணாலும் பார்க்கிற கருவி. பெரிதாகக் காட்டாது. ஆனால் முழு உடம்பையும், மேடு பள்ளத்தோடு, நீந்த நீந்தக் காட்டும்.

"என்ன தெரியுது?"

"இதயம் அடிக்குது. வயித்துல முட்டை. குடல் பச்சையா இருக்கு, நல்லாத் தின்னிருக்கு."

"துளை?"

"இதுல எப்படி மேடம் தெரியும்? இது பூவைப் பிரிக்க, பூச்சியை அறுக்க வச்சிருக்கிற கருவி."

"சரி, வாங்க."

அடுத்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருக்கிற சாதாரண மைக்ராஸ்கோப். கீழேயிருந்து வெளிச்சம் ஊடுருவி வரும். ஸ்லைடில் ஒரு சொட்டு, அதற்குள் நீர்த்தெள்ளு, மேலே நசுக்காமல் கவர் ஸ்லிப். குரு பெரிய லென்ஸைத் திருப்பினார்.

"என்ன தெரியுது?"

சவரிராயன் நன்றாகத்தான் பார்த்தார். முதுகு ஓட்டின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

"துளை ரொம்பச் சின்னது. இதுக்கு எட்டாது."

"உங்க துளை எவ்வளவு பெரிசு சார்?"

"அஞ்சு மைக்ரான்."

"ரத்தச் சிவப்பணு?"

சவரிராயன் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். குருவே சொன்னார்.

"ஏழு. அதை முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு எதுல காட்டுவீங்க?"

"இதுலதான்."

"அதைவிடச் சின்ன பாக்டீரியாவை?"

"அதையும் இதுலதான். சரி, கண்ணாடி மாதிரி இருக்கிற ஓட்டுல துளை இருந்தா வெளிச்சத்துல தனியாத் தெரியாது. அதை விட்டுட்டீங்களே."

நியாயமான கேள்விதான். குருவும் ஒப்புக்கொண்டு அடுத்த மேசைக்கு நடந்தார். அது ஃபேஸ் கான்ட்ராஸ்ட். சாயம் எதுவும் போடாமலேயே, நிறமில்லாத உயிருள்ள பொருளைக் கருப்பும் வெளுப்புமாகப் பிரித்துக் காட்டும். ஓட்டின் மெல்லிய சவ்வுகள் வரை தெரிந்தன. துளை தெரியவில்லை.

சவரிராயன் விடவில்லை. இருட்டறைக்குள் போய் ஃப்ளோரசன்ஸில் பார்க்க வேண்டும் என்றார். குரு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டில் ஒட்டும் சாயத்தைக் கலக்கி வைத்து, சாயம் பிடிக்கிறவரைக்கும் காத்திருந்து, அவரைக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டில் ஓடு முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. துளை இருந்தால் அங்கே மட்டும் கருப்பாக இருக்க வேண்டும். ஒரு கருப்புப் புள்ளி கிடையாது.

"சாயம் துளையை அடைச்சிருக்கும்" என்றார் சவரிராயன்.

"அல்லாவே" என்றார் குரு.

"சீவிப் பார்ப்போம் மேடம். இன்னொரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்குல்லா, மெல்லிசாச் சீவி உள்ளுக்குள்ள பார்க்கிறது. செல்லுக்குள்ள இருக்கிறதையே காட்டுது. துளையைக் காட்டாதா?"

"காட்டும். ஆனா நீங்க சீவுற இடத்துலதான் துளை இருக்குன்னு யாரு சொன்னா? தேங்காயில ஒரு பத்தையை எடுத்து வச்சுக்கிட்டு, கண்ணு எங்கேன்னு தேடுவீங்களா?"

"அப்ப எதைத்தான் ஒத்துக்குவ நீ?" மேடம் மறுபடி காணாமல் போனார். "ஒண்ணு ரெண்டு இல்லை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்ச அத்தனையிலும் துளை இருந்துச்சு. வட்டம் வட்டமா, ஒரே அளவுல. என்ன, நான் பொய் சொல்லுதேனா?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை சார்."

"சொல்லாமச் சொல்லுத. ஜுலைகா, லென்ஸுல உன் இமைமுடியைப் பார்த்துப் புழுன்னு வரைஞ்ச பிள்ளை நீ. மறந்துட்டியா? ரெக்கார்டுல கலர் பென்சில் வேற. அதுக்கு நான் ஜீரோ போட்டேன். நீ எனக்கு மைக்ராஸ்கோப் சொல்லித் தாறியா?"

சொன்ன பிறகு சவரிராயனுக்கே என்னவோ போல் இருந்தது.

குருவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"மறக்கலை. ஜீரோ போட்டுட்டு என்ன சொன்னீங்கன்னும் மறக்கலை. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"கண்ணைச் சிமிட்டிப் பாரு, கூடவே ஆடுச்சுன்னா அது ஸ்லைடுல இல்லை, உன்கிட்ட இருக்குன்னு சொன்னீங்க."

சவரிராயன் அது தான் சொன்னதுதானா என்று யோசிப்பவர்போல் நின்றார்.

குரு மேசைக்குத் திரும்பி டிபன் பாக்ஸைத் திறந்தார். காலை ஆகாரம். இவர் வந்த வரத்தில் இதுவரை தொடவில்லை. உள்ளே நாலு இட்லியும் சட்னியும் இருந்தன.

"நான் இங்க தலை போற காரியமா நிக்கேன். நீங்க சாப்பிடுறீங்க" என்றார் சவரிராயன்.

"பசிக்குது சார்." குரு ஒரு இட்லியை எடுத்துத் திருப்பி மூடியில் வைத்து அவர் பக்கம் தள்ளினார். "இதைப் பாருங்க."

"என்ன பார்க்க?"

"விலங்கியல் பேராசிரியர்தானே? பாருங்க. என்ன தெரியுது?"

சவரிராயன் பெருமூச்சு விட்டார். இந்தப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார். இருந்தாலும் பார்த்தார்.

"வரி வரியா இருக்கு. குறுக்கும் நெடுக்குமா, கட்டம் கட்டமா."

"நாலு இட்லியிலும் இருக்கா?"

"நாலுலயும் இருக்கு."

"ஒரே அளவா?"

"ஒரே அளவுதான்."

"அப்ப இது புது இனமா சார்? பேரு வைப்போமா?"

"கேலி பண்ணாதீங்க மேடம். தட்டுல துணி போட்டு மாவு ஊத்தியிருக்கு. துணியோட நெசவு இட்லியில பதிஞ்சிருக்கு. இதுல என்ன..."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

குரு ஒரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டுத்தான் கேட்டார்.

"நீங்க எதுல ஊத்துனீங்க சார்?"

சவரிராயன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார்.

"ஃபில்டர் சவ்வுல" என்றார்.

"ஏன்?"

"ரொம்பச் சின்னதா இருக்கில்லா. எடுக்கையில பறந்து போயிருது. அதனால சவ்வுல வடிகட்டி, அந்தச் சவ்வோடவே காய வச்சு, அப்படியே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காகத் தங்கமுலாம் பூசக் கொடுத்துட்டேன்."

"சவ்வுல துளை இருக்குமே. என்ன அளவு?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"அஞ்சு மைக்ரான்."

அவ்வளவுதான். காய்ந்ததும் உள்ளே இருந்த உடம்பு வற்றியிருக்கிறது. இரண்டு பக்க ஓடும் அப்பளமாக ஒட்டிச் சவ்வின் மேல் படிந்திருக்கிறது. சவ்வில் எங்கெல்லாம் துளையோ அங்கெல்லாம் ஓடு பள்ளமாக இறங்கியிருக்கிறது. அதன் மேல் தங்கம். அதைத்தான் சவரிராயன் மாதக்கணக்கில் அளந்து, எண்ணி, படம் பிடித்து, தன் மனைவியின் பெயரையும் வைத்திருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகம் துக்கமாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் வலையோடு நின்ற பவுலின்தான் கண்முன் வந்தார்.

"அப்ப அந்த மைக்ராஸ்கோப் பொய் சொல்லிட்டுதா?"

"அது எங்கே சார் பொய் சொல்லுச்சு? மேடு பள்ளத்தைக் காட்டுங்கன்னு கொடுத்தீங்க. இருந்த மேடு பள்ளத்தைக் காட்டிடுச்சு. யாரு போட்ட பள்ளம்னு நீங்க அதைக் கேட்கவே இல்லையே."

கைபேசி அடித்தது. திரையில் பவுலின். சவரிராயனுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றைக்கு அதை அணைக்கவும் தோன்றவில்லை.

"என்னங்க, மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"இல்லை."

"ஏன்? உயிரோட இருக்கிறதைப் பார்க்கச் சொன்னாங்களே, பார்த்தீங்களா? என்ன தெரிஞ்சுது?"

சவரிராயன் குருவைப் பார்த்தார். குரு இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை, பவுலின்."

கல்யாணமான நாளிலிருந்து பவுலின் கேட்டிராத பதில் அது.

"என்னது?"

"தெரியலைன்னேன். துளை அதுல இல்லை. நாந்தான் போட்டிருக்கேன்."

"அப்போ எம் பேரு?"

"அதுவும் தெரியலை."

போனில் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றார் பவுலின்.

"இல்லை."

"சாப்பிட்டுட்டு மறுபடி பாருங்க. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சவரிராயன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். குரு மிச்சமிருந்த இட்லியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

"பேனரை என்ன செய்ய, மேடம்?"

"அவிழ்த்துக் கொண்டுவாங்க. மொட்டை மாடியில நம்ம மையத்துத் தண்ணித் தொட்டிக்கு வெயில் அடிக்குது. மேல கட்டுனா நிழலா இருக்கும்."

அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று சவரிராயனுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"அப்ப நான் எந்த மைக்ராஸ்கோப்பைத்தான் நம்ப?"

குரு கண்களை மூடித் திறந்தார். காலையிலிருந்து நடந்த எதுவுமே நடக்கவில்லையா என்று ஒரு கணம் அலுப்பாக இருந்தது. பிறகு எழுந்து சாதாரண மைக்ராஸ்கோப்பின் பக்கம் போனார். அந்த நீர்த்தெள்ளு இன்னும் கவர் ஸ்லிப்புக்குக் கீழேதான் கிடந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு விட்டார். விளக்கைக் கொஞ்சம் குறைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சவரிராயன் வந்து உட்கார்ந்து குனிந்தார். திருகைத் திருகினார். மறுபடி திருகினார்.

"என்ன தெரியுது?" என்றார் குரு.

"மங்கலா இருக்கு, மேடம். ஒண்ணுமே தெரியலை."

"கண்ணைச் சிமிட்டுங்க, சார்."